பிளாக் தீர்ந்தால் தீர்ந்ததுதான்

எங்கள் லேபில் சண்டை வந்தால் அது பெரும்பாலும் ஒரு மெழுகுக் கட்டிக்காகத்தான் இருக்கும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சிறிய கட்டி, பிளாக் என்போம். உள்ளே, ஆபரேஷனில் எடுத்த புராஸ்டேட் சுரப்பியின் ஒரு சீவல். அதற்காக ஐந்தாறு ஆய்வுக் குழுக்கள் வரிசையில் நிற்கும். ஒருவருக்கு டிஎன்ஏ வேண்டும், இன்னொருவருக்கு ஆர்என்ஏ. மூன்றாமவருக்கு ஏதோ ஒரு புரதத்துக்குச் சாயம் ஏற்றிப் பார்க்க நாற்பது ஸ்லைடு வேண்டும். எல்லாருமே அவசரம் என்பார்கள், எல்லாருக்குமே கிராண்ட் கெடு நெருங்கியிருக்கும். அந்தக் கட்டியோ ஒன்றே ஒன்று.

நான் ஹிஸ்டாலஜி டெக்னாலஜிஸ்ட், அதாவது திசுவைச் சீவிச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்புக்குத் தயார் செய்பவள். மதுரையில் எம்எல்டி படித்தவள். இப்போது அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகப் புற்றுநோய் மையத்தின் திசுப் பிரிவில் வேலை. இந்த மாதிரிப் பொதுப் பிரிவுகளை இங்கே கோர் என்பார்கள். ஒவ்வொரு பேராசிரியரும் தனித்தனியாக மைக்ரோடோம் (திசுவை மெல்லியதாகச் சீவும் கருவி), சீக்வென்சர் (மரபணு வரிசையைப் படிக்கும் கருவி), மைனஸ் எண்பது டிகிரி ஃப்ரீசர் என்று வாங்கிக் குவிக்காமல், மையத்துக்குப் பொதுவாக ஒன்று வைத்து, அதற்குத் தேர்ந்த ஆட்களையும் வைத்து, பயன்படுத்துகிறவர்களிடம் கட்டணம் வாங்குவது. திசுவுக்கு ஒரு கோர், மரபணு வரிசைக்கு ஒன்று, எலிகளுக்கு ஒன்று, புள்ளியியலுக்கு ஒன்று. தேசியப் புற்றுநோய்க் கழகம் பெரிய மையங்களுக்குக் கொடுக்கும் பி30 கிராண்டில் இந்தப் பொதுப் பிரிவுகளுக்கென்றே பணம் உண்டு. 1992-இல் அதே கழகம் தொடங்கிய ஸ்போர் என்ற திட்டத்தில், குறிப்பிட்ட ஒரு உறுப்பின் புற்றுநோய்க்காகப் பல ஆய்வுகளை ஒரே குடையின் கீழ் நடத்துவார்கள். அதிலும் திசு வங்கியும் பேத்தாலஜியும் சேர்ந்த ஒரு கோர் கட்டாயம்.

கருவிகளைப் பகிர்ந்துகொள்வது பெரிய விஷயமில்லை. முன்பதிவு செய்துவிட்டு வந்தால் போதும், நீங்கள் போன பிறகும் கருவி அங்கேயேதான் இருக்கும். திசு அப்படியில்லை. வெட்டினால் குறையும். அதனால் எங்கள் பிரிவின் வேலையில் பாதி வெட்டுவது, மீதிப் பாதி வெட்ட மாட்டேன் என்று சொல்வது. இந்த இரண்டாவது பாதியைப் பற்றி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. நானே எழுதிவிடுகிறேன்.

ஒரு பிளாக்கில் எத்தனை துண்டு போடலாம்? உள்ளே இருக்கும் திசு மூன்று மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு துண்டு நான்கு மைக்ரான், மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால் எழுநூறைத் தாண்டும். புதிதாக வரும் ஆராய்ச்சி மாணவர்கள் எல்லாரும் இந்தக் கணக்கோடுதான் வருவார்கள். நடைமுறையில் அதில் பாதிகூடக் கிடைக்காது. காரணம், முகம் சீர்செய்வது. பிளாக்கை மைக்ரோடோமில் மாட்டியதும் கத்தியும் திசுவும் ஒரே தளத்துக்கு வர வேண்டும். அதுவரை சீவுவதெல்லாம் குப்பைக்கு. ஒருமுறை மாட்டி, பத்து ஸ்லைடு வெட்டி, கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, ஆறு மாதம் கழித்து இன்னொருவர் கேட்கிறார் என்று மறுபடி மாட்டினால், மறுபடி முகம் சீர்செய்ய வேண்டும். கழற்றிய ஆணியை அதே துளையில் திரும்ப அடிப்பது போலத்தான், என்ன செய்தாலும் அச்சு அசலாக அதே கோணத்தில் உட்காராது. ஒவ்வொரு மாட்டலுக்கும் பத்து இருபது ஸ்லைடுக்கான திசு கண்ணெதிரே வீணாகும்.

ஆகவே கேட்பவர்களையெல்லாம் சேர்த்து வைத்து, ஒரே உட்காரலில் வெட்ட வேண்டும். அதற்காகத்தான் நாங்கள் மாதக்கணக்கில் விண்ணப்பங்களைக் காத்திருக்க வைக்கிறோம். சோம்பேறிகள் என்று எங்களுக்கு ஒரு பெயர் உண்டு, இருக்கட்டும்.

சரி, ஒரேயடியாக முந்நூறு ஸ்லைடு வெட்டி அடுக்கி வைத்துவிட்டால் என்ன? இதையும் எல்லாரும் கேட்பார்கள். வெட்டிய ஸ்லைடுக்கு வயதாகும். மெழுகுக்குள் வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கிற புரதங்கள், நான்கு மைக்ரான் படலமாகக் காற்றுபடக் கிடந்தால் மெல்ல மங்கும். புரதத்தைத் தேடி ஒட்டும் ஆன்டிபாடிகளில் சில, சில மாதங்களிலேயே சரியாக ஒட்டாமல் போகும். மேலே மெழுகு பூசலாம், குளிரில் வைக்கலாம், நைட்ரஜன் நிரப்பலாம். அதெல்லாம் தள்ளிப்போடுமே தவிர நிறுத்தாது. அதிகம் வெட்டினால் ஸ்லைடு கெடும், குறைவாக வெட்டினால் பிளாக் வீணாகும். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிறுத்துவது என்பதை எந்தக் கையேடும் சொல்லாது. அந்த பிளாக், அந்தக் கட்டி, அந்தக் கேள்வி மூன்றையும் பார்த்து ஒவ்வொரு தடவையும் முடிவு செய்ய வேண்டியதுதான்.

இன்னொரு பழக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு அடுக்கிலும் முதல் துண்டுக்கும் கடைசித் துண்டுக்கும் வழக்கமான ஊதா–ரோஜா நிறச் சாயம் ஏற்றி, திசுவைப் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டரான பேத்தாலஜிஸ்ட்டிடம் காட்டுவோம். முதல் ஸ்லைடில் அழகாகத் தெரிந்த கட்டி முப்பதாவது ஸ்லைடில் காணாமல் போயிருக்கும். அதைக் கவனிக்காமல் டிஎன்ஏ எடுத்தால், சாதாரணச் சுரப்பியின் டிஎன்ஏவை வைத்துக்கொண்டு புற்றுநோய்க்கு விளக்கம் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

புராஸ்டேட்டில் இது மற்ற உறுப்புகளைவிட மோசம். மார்பகக் கட்டியையோ குடல் கட்டியையோ பெரும்பாலும் விரலால் தொட்டுச் சொல்லலாம், வெறும் கண்ணுக்கே தெரியும். புராஸ்டேட்டை அறுத்துப் பார்த்தால் பல சமயம் எது கட்டி எது சதை என்றே புரியாது. மைக்ரோஸ்கோப்புக்குப் போனால்தான் தெரியும். போதாததற்கு, ஒரே சுரப்பியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு மூன்று கட்டிகள் தனித்தனி மூலைகளில் வளர்ந்திருக்கும். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து சுரப்பி வந்ததும், ஆராய்ச்சிக்கென்று ஒரு பகுதியை உறைய வைக்க வேண்டும். எந்தப் பகுதியை? கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் வெறும் சதை கிடைக்கும். அல்லது அதைவிட மோசமாக, அந்த மனிதருடைய நோய் எந்த அளவில் இருக்கிறது என்று தீர்மானிக்கும் இடத்தையே நாம் கொண்டுபோய்விடுவோம். ஓரம் வரை புற்று எட்டியிருக்கிறதா இல்லையா என்பதில்தான் அவருடைய அடுத்த சிகிச்சை இருக்கிறது. அதனால் பேத்தாலஜிஸ்ட்தான் முதல் எஜமான். வெளிப்பரப்புக்கு மை பூசி, சீவி, அவர் சரி என்று சொன்ன இடத்திலிருந்து மட்டும் எங்களுக்குக் கிடைக்கும். நோயாளிக்கு வேண்டியது போக மிச்சம்தான் ஆராய்ச்சிக்கு. இந்த வரிசையை மாற்றச் சொல்லிக் கேட்டவர்களும் உண்டு. எங்கள் பேத்தாலஜிஸ்ட் அம்மா அவர்களைப் பார்க்கும் பார்வையே போதும், இரண்டாவது முறை கேட்க மாட்டார்கள்.

ஊசி பயாப்ஸி என்றால் இன்னும் சிரமம். நூல் மாதிரித் திசு. நோயைக் கண்டுபிடிக்க வெட்டியது போக என்ன மிஞ்சும்?

இந்தப் பஞ்சத்துக்கு உருப்படியான ஒரு விடை 1998-இல் வந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் யூஹா கொனோனென், ஓல்லி கல்லியோனியெமி ஆகியோர் இருந்த குழு, நூற்றுக்கணக்கான பிளாக்குகளிலிருந்து 0.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைகளைக் குத்தி எடுத்து, வெறும் மெழுகில் வரிசையாகத் துளையிட்டு நட்டு வைக்கும் முறையை வெளியிட்டது. டிஷ்யூ மைக்ரோஅர்ரே. ஒரே ஸ்லைடில் சில நூறு மனிதர்கள். முன்பு முந்நூறு ஸ்லைடு வேண்டியிருந்த கேள்விக்கு ஒரு ஸ்லைடு போதும், மூல பிளாக்கில் சிறு துளைதான் விழும். இதற்கு முன்பே 1986-இல் ஹெக்டர் பாட்டிஃபோரா என்ற பேத்தாலஜிஸ்ட் பல கட்டிகளின் துணுக்குகளை ஒன்றாகச் சுருட்டி ஒரே பிளாக்காக ஆக்கியிருந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் சாசேஜ் பிளாக். எந்தத் துணுக்கு யாருடையது என்று கண்டுபிடிப்பதுதான் அதில் கஷ்டம். கட்டம் போட்டு நட்டதால் அந்தக் கஷ்டம் தீர்ந்தது: மூன்றாவது வரிசை, ஏழாவது பத்தி என்றால் இன்னார், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த வேலையும் இதுதான். குத்துவது கைவேலை. பேத்தாலஜிஸ்ட் ஸ்லைடில் பேனாவால் வட்டமிட்ட இடத்தை பிளாக்கின் மேல் கண்ணால் பொருத்தி, ஊசியை இறக்க வேண்டும். இப்போது இயந்திரம் செய்கிறது என்பார்கள். செய்கிறதுதான், ஆனால் உள்ளே திசு எவ்வளவு ஆழம் மிஞ்சியிருக்கிறது என்று பிளாக்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பது இன்னும் மனிதக் கண்தான். புராஸ்டேட்டில் ஒரே கட்டி இடத்துக்கு இடம் மாறும் என்பதால் ஒருவருக்கு ஒரு குத்து போதாது, மூன்று நான்கு வேண்டும். அதற்கும் பேரம் நடக்கும்.

இதுவரை சொன்னது ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் திசு. ஆட்களைக் கொல்வது சுரப்பிக்குள் இருக்கும் கட்டி அல்ல, பரவியது. அது பெரும்பாலும் எலும்புக்குப் போகிறது. 2000-இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பில், புராஸ்டேட் புற்றுநோய் இருந்த 1,589 பேரின் பிரேதப் பரிசோதனைகளை லூகாஸ் புபென்டார்ஃப் குழு ஆராய்ந்தது. ரத்தம் வழியாகப் பரவியிருந்தவர்களில் 90 சதவீதம் பேருக்கு எலும்பில் இருந்தது. ஆனால் எலும்பில் பரவிய கட்டியை யாரும் ஆபரேஷன் செய்து எடுப்பதில்லை. அப்படியானால் ஆராய்ச்சிக்கு அது எப்படிக் கிடைக்கும்?

மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலும் இதற்கு ஒரு வழி செய்தார்கள். நோய் முற்றிய நிலையில் இருக்கும் ஆண்கள், உயிரோடு இருக்கும்போதே சம்மதம் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். இறந்த சில மணி நேரத்துக்குள், அது ஞாயிற்றுக்கிழமை அதிகாலையாக இருந்தாலும், குழு போய் எலும்பு, கல்லீரல், நிணநீர் முடிச்சு என்று நோய் இருக்கும் இடங்களிலிருந்தெல்லாம் திசு எடுக்கும். விரைவுப் பிரேதப் பரிசோதனை. நேரம் கடந்தால் ஆர்என்ஏ சிதைந்துவிடும் என்பதால்தான் இந்த ஓட்டம். ஒரே மனிதருக்குள் ஒவ்வோர் இடத்திலும் நோய் எப்படி வேறு வேறு முகம் காட்டுகிறது என்பதை 2004-இல் மிச்சிகன் குழு இப்படிப்பட்ட 30 பேரை வைத்து எழுதியது.

எலும்பு லேபுக்கு வந்தால் நேரே வெட்ட முடியாது, கத்திதான் போகும். முதலில் சுண்ணாம்பை நீக்க வேண்டும். அமிலத்தில் போட்டால் சீக்கிரம் வேலை முடியும், கூடவே டிஎன்ஏவும் முடிந்துவிடும். இடிடிஏ கரைசலில் போட்டால் டிஎன்ஏ பிழைக்கும். ஆனால் நாள்கள் ஆகும், பெரிய துண்டென்றால் வாரக்கணக்கில் ஆகும். தினமும் கரைசலை மாற்றி, ஊசியால் குத்திப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வழக்கமான ஆஸ்பத்திரி லேப்களில் அமிலத்தைப் பயன்படுத்துவது தவறில்லை, அங்கே நோயாளிக்கு ரிப்போர்ட் சீக்கிரம் போக வேண்டும். ஆராய்ச்சிக்கென்று தனிப் பிரிவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த இடிடிஏ ஜாடியைத்தான். அவசரப்படாமல் இருப்பதற்கும் யாராவது சம்பளம் கொடுக்க வேண்டுமே.

அப்படி விரைவுப் பிரேதப் பரிசோதனையில் ஒரு மனிதரிடமிருந்து வந்ததுதான் வீகாப் என்ற செல் வரிசை, அதாவது குடுவையில் தொடர்ந்து வளர்க்கும் செல்கள். முதுகெலும்பில் பரவியிருந்த கட்டி, முதலில் எலிகளில் வளர்ந்து, அப்புறம் கண்ணாடிக் குடுவைக்கு வந்தது. 2001-இல் வெளியானது. நான்கு வருடம் கழித்து, 2005-இல், அதே மிச்சிகனில் அருள் சின்னையனின் குழுவும் (ஆமாம், அருள் சின்னையன்தான், பெயரைப் பார்த்து நீங்கள் புருவம் உயர்த்துவது தெரிகிறது) ஸ்காட் டாம்லின்ஸும் புராஸ்டேட் புற்றுநோயில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வதைக் கண்டுபிடித்தார்கள். டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற ஆண் ஹார்மோனுக்குக் கட்டுப்பட்ட மரபணுவின் சுவிட்ச், ஈஆர்ஜி என்ற வளர்ச்சி மரபணுவோடு வந்து ஒட்டிக்கொள்கிறது. ரத்தப் புற்றுநோய்களில்தான் இப்படி நடக்கும் என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. இந்த இணைவு இருந்த செல் வரிசை வீகாப். ஒரே ஒரு குடுவை செல்லில் இருப்பது மட்டும் போதாது, நிஜ நோயாளிகளின் திசுவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குச் சேமித்து வைத்த திசு வேண்டும். மேற்கத்திய வெள்ளையர்களிடம் அறுவை சிகிச்சையில் எடுக்கும் கட்டிகளில் ஏறத்தாழ பாதியில் இது இருக்கிறது என்று இன்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அந்தப் "பாதி" என்ற எண்ணுக்குப் பின்னால் எத்தனையோ ஊர்களின் திசு வங்கிகளும் மைக்ரோஅர்ரேக்களும் இருக்கின்றன. கட்டுரையின் கடைசியில் சின்ன எழுத்தில் நன்றி சொல்லியிருப்பார்கள். சொல்லாதவர்களும் உண்டு. பி30 புதுப்பிக்கும் வருடம் வந்தால் எங்கள் மேலாளர் அந்தக் கட்டுரைகளைத் தேடித் தேடி, "ஒரு வரி போட்டிருக்கலாமே" என்று மெயில் அனுப்புவார். பாவம்.

எலி என்றதும் ஒரு கதை சொல்ல வேண்டும், இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் சந்தோஷமாகச் சொல்லாத கதை. 2006-இல் கிளீவ்லாந்து, சான்பிரான்சிஸ்கோ ஆய்வாளர்கள் புராஸ்டேட் புற்றுநோய்த் திசுவில் எக்ஸ்எம்ஆர்வி என்ற புதிய வைரஸைக் கண்டதாக எழுதினார்கள். எலி வைரஸ்களின் சாயல் அதற்கு. 2009-இல் வேறொரு குழு, நாள்பட்ட களைப்பு நோய் உள்ளவர்களிடமும் அது இருப்பதாக எழுதியது. பயம் பரவியது. கனடா உட்பட சில நாடுகளில் களைப்பு நோய் உள்ளவர்களிடம் ரத்தம் வாங்க வேண்டாம் என்று உத்தரவே போட்டார்கள். 2011-இல் குட்டு உடைந்தது. 22ஆர்வி1 என்ற புராஸ்டேட் செல் வரிசையில் இந்த வைரஸ் ஏராளமாக இருந்தது. அந்த வரிசை, சிடபிள்யூஆர்22 என்ற, எலி மாற்றி எலியாக வளர்க்கப்பட்ட ஒரு மனிதக் கட்டியிலிருந்து வந்தது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் வினய் பதக் குழு அந்தக் கட்டியின் பழைய தலைமுறைகளை எடுத்துப் பார்த்தது. ஆரம்பத் தலைமுறைகளில் வைரஸ் இல்லை, பிந்தியவற்றில் இருந்தது. 1990-களில் எலிகளுக்குள் இரண்டு எலி வைரஸ் துண்டுகள் ஒன்று சேர்ந்து உருவானது அது. மனிதர்களிடமிருந்து வரவேயில்லை. 2009 கட்டுரையும் 2006 கட்டுரையும் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பப் பெறப்பட்டன. வீகாப்பிலும் வேறொரு எலி வைரஸ் குடியிருப்பது அதே காலத்தில் தெரியவந்தது. அதனால் 2005 கண்டுபிடிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அது நோயாளிகளின் திசுவிலும் உறுதியாகியிருந்ததே.

ஊர் சிரித்த கதையாக இதைச் சொல்வார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. யாரோ ஒருவர் அந்தப் பழைய தலைமுறைகளைப் பெயரிட்டு, தேதியிட்டு, உறைய வைத்து, தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். ஃப்ரீசரில் இடமில்லை என்று எத்தனை பேர் எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்! எங்கள் ஃப்ரீசர் கூட்டங்களில் நான் இந்தக் கதையை ஆயுதமாகவே பயன்படுத்துகிறேன்.

செல் வரிசைகளில் ஆள்மாறாட்டமும் நிறைய. டிஎஸ்யு-பிஆர்1 என்று ஒன்றைப் பல வருடம் புராஸ்டேட் செல் என்று நினைத்து ஆய்வு செய்தார்கள். அது சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் டி24 வரிசை. பிபிசி-1 என்பது வேறு பெயரில் வந்த பிசி-3. இப்போது எங்கள் மையத்தில் டிஎன்ஏ கைரேகை பார்க்காமல் எந்தக் குடுவையும் பொது ஃப்ரீசருக்குள் போகாது. இதற்கு மேல் சொல்ல இதில் ஒன்றுமில்லை.

புள்ளியியல் கோரில் ஒரு சீனப் பெண் இருக்கிறார். அவரிடம் போகாமல் எங்களிடம் பெரிய விண்ணப்பம் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம். நாற்பது ஸ்லைடு கேட்டு வந்த ஒரு போஸ்ட்டாக் (டாக்டர் பட்டம் முடித்துவிட்டு ஆய்வு செய்யும்) பையனை அவர் உட்கார வைத்துக் கேட்டது இவ்வளவுதான்: இந்தப் புரதம் அதிகமாக இருந்தால் நோய் திரும்ப வரும் என்கிறாயே, திரும்ப வந்தவர்கள் எத்தனை பேர் உன் நாற்பதில் இருக்கிறார்கள்? அவன் பார்க்கவில்லை. பார்த்தால் ஐந்து பேர்தான். புராஸ்டேட் புற்றுநோய் பலருக்கு மெதுவாகப் போகிற நோய். ஆபரேஷன் முடிந்து பத்து வருடம் கழித்துத் திரும்புபவர்களும் உண்டு. அதனால் பிளாக்கை மட்டும் வைத்திருப்பதில் பயனில்லை. அந்த மனிதர் அப்புறம் என்ன ஆனார், பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தின் ரத்த அளவு) எப்போது ஏறியது என்பது அதோடு சேர்ந்து இருக்க வேண்டும். திரும்ப வந்தவர் ஒருவருக்கு, அதே வயதில் அதே தரக் கட்டியோடு நோய் திரும்பாதவர் ஒருவர் என்று ஜோடி சேர்த்து ஏற்கெனவே நட்டு வைத்த மைக்ரோஅர்ரே எங்களிடம் இருந்தது. நாற்பதுக்குப் பதில் இரண்டு ஸ்லைடு வாங்கிக்கொண்டு போனான். முகத்தில் சந்தோஷம் இல்லை. இளம் வயது, பெரிய பெட்டியாகத் தூக்கிக்கொண்டு போனால்தான் வேலை நடக்கிறது என்று தோன்றும்.

எல்லா மையத்திலும் இப்படி எல்லாம் இருக்காது. அதற்காக மையங்களைச் சேர்த்து ஒரு வலை அமைத்திருக்கிறார்கள். பணம் எங்கிருந்து என்றால் நம்ப மாட்டீர்கள், அமெரிக்க ராணுவத் துறையின் பட்ஜெட்டிலிருந்து. 1997 முதல் புராஸ்டேட் புற்றுநோய் ஆய்வுக்கென்று அங்கே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் தனியாக ஒதுக்குகிறது. அந்தப் பணத்தில் 2010-இல் தொடங்கியது ஜான்ஸ் ஹாப்கின்ஸ், வாஷிங்டன் போன்ற பல்கலைக்கழகங்கள் சேர்ந்த புராஸ்டேட் புற்றுநோய்த் திசு வங்கி வலையம். வெளி ஆய்வாளர்களும் விண்ணப்பித்துத் திசுவும் மைக்ரோஅர்ரேயும் வாங்கலாம். சியாட்டிலில் ராபர்ட் வெஸெல்லாவும் ஈவா கோரியும் வளர்த்தெடுத்த லூகாப் என்ற, நோயாளிகளின் கட்டியை எலிக்குள் வளர்த்துத் தொடரும் கட்டி வரிசைகளும் இப்படித்தான் உலகெங்கும் போகின்றன. மெழுகு பிளாக் தீரும், எலியில் வளர்வது தீராது. ஆனால் அது காலப்போக்கில் மாறும். எக்ஸ்எம்ஆர்வி கதை மறுபடி வேண்டாம்.

இதெல்லாம் ஆராய்ச்சிக்காரர்கள் பாடு, நமக்கென்ன என்று இருந்தேன். போன வருடம் மதுரையிலிருந்து பெரியப்பா போன் செய்தார். பல வருடங்களுக்கு முன் புராஸ்டேட் எடுத்தவர். இப்போது எலும்பில் தெரிகிறது, ஊசி போட்டும் பிஎஸ்ஏ ஏறுகிறது. "டாக்டர் ஏதோ பழைய கட்டிய கேக்குறாரும்மா. அறுத்துப் போட்டதுதானே, அத இன்னுமா வச்சிருப்பாங்க?"

"வச்சிருப்பாங்க பெரியப்பா. ரிப்போர்ட்ல ஒரு நம்பர் இருக்கும், அதப் படிங்க."

டாக்டர் கேட்டது பிஆர்சிஏ போன்ற டிஎன்ஏ பழுதுபார்க்கும் மரபணுக்களில் கோளாறு உண்டா என்று பார்க்க. இருந்தால் ஓலாபரிப் என்ற மாத்திரை பலன் தரக்கூடும். 2020-இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. அந்த அனுமதிக்கு அடிப்படையான புரோஃபவுண்ட் என்ற சோதனையில் 4,047 பேரின் திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு கிடைத்தது 2,792 பேருக்கு, அதாவது 69 சதவீதம். மற்றவர்களுக்குத் திசு போதவில்லை, அல்லது டிஎன்ஏ தேறவில்லை. இந்த எண்ணைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம், இந்தத் துறையில் இல்லாதவர்களுக்குப் புரியாது. பத்தில் மூன்று பேர். அவர்களுக்கு மருந்து பொருந்துமா பொருந்தாதா என்பதையே சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம், எப்போதோ எங்கோ ஒரு மேஜையில் எடுத்த சின்ன முடிவுகள்: எவ்வளவு நேரம் திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் கிடந்தது, எந்த அமிலத்தில் ஊறியது, எத்தனை ஸ்லைடு தேவையில்லாமல் வெட்டினார்கள்.

பெரியப்பாவின் பிளாக்குகள் கிடைத்தன. ஆஸ்பத்திரியில் முதலில் இல்லை என்றார்கள், அப்புறம் அவர் மகன், என் அண்ணன், நேரில் போய் நின்றதும் இருக்கிறது என்றார்கள். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம், எல்லா ஊரிலும் இதே கதைதான். பரிசோதனை தேறியது. கூடவே ரத்தத்தையும் பார்க்கச் சொன்னேன், பிறவியிலேயே வந்த கோளாறா என்று தெரிய. 2016-இல் பரவிய நோயுள்ள 692 ஆண்களைப் பார்த்த ஆய்வில் 11.8 சதவீதம் பேருக்கு அப்படிப்பட்ட பிறவிக் கோளாறு இருந்தது. அப்படி இருந்தால் பிள்ளைகளும் பார்த்துக்கொள்ள வேண்டும், பெண் பிள்ளைகள் உட்பட. "எனக்கு வந்ததுக்கு அவ எதுக்குப் பாக்கணும்?" என்று பெரியப்பா அண்ணன் மகளைப் பற்றிக் கேட்டார். பிஆர்சிஏ2 மார்பகத்திலும் சினைப்பையிலும் கை வைக்கும் என்பதை அவருக்கு விளக்க ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. முடிவு என்ன வந்தது என்பது அவர்கள் குடும்ப விஷயம், இங்கே எழுதப் போவதில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது புராஸ்டேட் பயாப்ஸியோ ஆபரேஷனோ நடந்தால், பேத்தாலஜி ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். அதில் உள்ள எண்தான் பிளாக்கின் விலாசம். எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்று லேபில் கேட்டுக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி அது மாறும். இரண்டாவது கருத்துக்கு வேறு ஊர் போகும்போது ஸ்லைடு மட்டும் போதுமா, பிளாக்கும் வேண்டுமா என்று முதலிலேயே கேளுங்கள். ஸ்லைடு போதும் என்றால் பிளாக்கை வெளியே எடுக்காதீர்கள். பிளாக் வேண்டும் என்றால் கையெழுத்துப் போட்டு வாங்கி, வேலை முடிந்ததும் மறக்காமல் திருப்பிக் கொடுங்கள். எலும்பிலிருந்து பயாப்ஸி எடுக்கப் போகிறார்கள் என்றால், மரபணுப் பரிசோதனைக்கும் போகும் என்று முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லி, இடிடிஏவில் போட முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். சில லேப்களில் செய்வார்கள். அப்புறம், பிளாக்கை எடுத்துக்கொண்டு மே மாதத்தில் காரில் போகிறவர்கள் அதை டேஷ்போர்டில் வைத்துவிட்டுச் சாப்பிட இறங்காதீர்கள். அந்த மெழுகு அறுபது டிகிரிக்குக் கிட்டத்தில் உருகிவிடும், மூடிய கார் வெயிலில் நின்றால் அதற்கு முன்பே இளகிவிடும். பைக்குள் வைத்துக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.